வெளிநாட்டிலிருக்கும் கணவரிடம் போகிறீர்களா? வேலை தேடலை மலைநாட்டிலேயே தொடங்குங்கள்

கல்யாணம் முடிந்து கணவர் லண்டனுக்கோ டொரொண்டோவுக்கோ திரும்பிய பிறகு, விசாவுக்காகக் காத்திருக்கும் மாதங்கள் இருக்கின்றனவே, அவைதான் உண்மையில் வேலை தேட வேண்டிய காலம். போய் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் போனவர்கள் அங்கே மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். இங்கேயே நான்கு கடதாசிகளைச் சரிசெய்துகொண்டு போனவர்கள் சீக்கிரமே சொந்தச் சம்பளம் வாங்கியதையும் பார்த்திருக்கிறேன். இலங்கை மலையகத்திலுள்ள ஹட்டனில் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா, பதுளை என்று பல ஊர்களிலிருந்தும் புறப்படுகிறவர்களின் பத்திரங்கள் என் மேசைக்கு வருகின்றன. யாருக்கு எங்கே தடங்கல் வரும் என்பது அந்தப் பத்திரங்களிலேயே தெரிந்துவிடுகிறது.

பெரும்பாலும் மனைவிமாரே போவதால் அவர்களை நினைத்தே எழுதுகிறேன். தாதியாகவோ பொறியியலாளராகவோ இருக்கும் மனைவியிடம் போய்ச் சேரும் கணவருக்கும் இதில் உள்ளவை பொருந்தும். நம் ஆட்கள் அதிகம் போகும் பிரித்தானியாவையும் கனடாவையும் விரிவாகச் சொல்கிறேன், மற்ற நாடுகளைத் தேவையான இடத்தில் தொட்டுக்கொள்கிறேன்.

1. உங்கள் விசாவில் வேலை செய்ய அனுமதி உண்டா?

பிரித்தானியக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ உள்ள கணவரிடம் போகும் மனைவிக்கு முதலில் 33 மாதங்களுக்கு விசா கிடைக்கும். அதில் முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ, எந்த நிறுவனத்திலும் வேலை செய்யலாம். அரசின் நலன்புரிக் கொடுப்பனவுகளைக் கேட்க முடியாது என்பதே அதிலுள்ள கட்டுப்பாடு. கணவர் திறன்சார் தொழில் விசாவில் இருந்து, நீங்கள் அவரைச் சார்ந்தவராகப் போனாலும் வேலை செய்யத் தடையில்லை. ஆனால் 2024 மார்ச் 11க்குப் பிறகு பராமரிப்புப் பணியாளர் விசா பெற்றவர்கள் குடும்பத்தை அழைக்க முடியாது. 2024 ஜனவரி முதல் படிப்பைத் தொடங்கிய மாணவர்களில் ஆய்வுப் படிப்பில் இருப்பவர்களைப் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கும் இதே நிலைதான். "படிக்கிற மாப்பிள்ளை, பொண்ணையும் கூட்டிக்கொண்டு போவார்" என்று தரகர் சொன்னால் இதை அவரிடம் கேளுங்கள்.

இலங்கையிலிருந்தே விண்ணப்பித்துக் கணவர் பொறுப்பேற்பில் கனடா போகிறவர், அங்கே இறங்கும்போதே நிரந்தர வதிவிடவாசி ஆகிறார். வேலைக்குத் தனி அனுமதி வேண்டாம். ஜெர்மனியில் குடும்ப ஒன்றிணைவு அனுமதியிலேயே வேலை உரிமை உண்டு, அதற்குப் பதிலாக விசாவுக்கு முன்பே ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற ஆரம்ப நிலையைத் தொட வேண்டும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் கணவரின் பொறுப்பில் தங்கியிருந்தாலும், வேலை தரும் நிறுவனம் உங்களுக்குத் தனி அனுமதி எடுக்க வேண்டும். சுற்றுலா விசாவில் எந்த நாட்டிலும் வேலை செய்யக் கூடாது. "விசிட்டில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்ற பேச்சை நம்பித் தோட்டத்து வீட்டை அடகு வைத்த குடும்பங்கள் உண்டு.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிரித்தானியா, கனடா, ஜெர்மனி போகிறவர்களுக்கு வேலை உரிமை விசாவிலேயே இருப்பதால் எந்த முதலாளியின் 'ஸ்பொன்சர்' பத்திரமும் தேவையில்லை. அதை வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவர் உங்களிடம் இல்லாத தேவையை விற்கிறார்.

2. எல்லாப் பத்திரத்திலும் ஒரே ஆளாக இருங்கள்

இந்தப் படியில்தான் மலையகத்துப் பெண்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அண்மையில் வந்த ஒரு கட்டுப் பத்திரத்தைச் சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில், பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருந்தது. அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் 'லெட்சுமி' என்பதை எல்-ஈ-டி-சி-எச் என்று தொடங்கியிருந்தார்கள். சாதாரண தரச் சான்றிதழில் அதே பெயர் எல்-ஏ-கே-எஸ்-எச் என்று தொடங்கியது. அப்பாவின் பெயர் ஒரு பத்திரத்தில் முழுதாக, இன்னொன்றில் ஓர் எழுத்தாக மட்டும். விவாகப் பதிவில் அப்பாவின் பெயரே வேறோர் எழுத்துக்கூட்டலில் இருந்தது. நமக்கு இது ஒரே பெண். வெளிநாட்டில் ஒரு நிறுவனத்தின் ஆளணிப் பிரிவில் இருப்பவருக்கு இவர்கள் நான்கு பேர்.

இதற்குப் பின்னால் நம் வரலாறும் இருக்கிறது. தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் நாடற்றவர்களாகி, 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பங்கு பிரிக்கப்பட்டு, 2003இல் வந்த சட்டத்தின் வழியாகத்தான் எஞ்சியவர்களில் பலரும் பிரஜைகள் ஆனார்கள். அப்பா, தாத்தா காலத்துப் பத்திரங்கள் ஒழுங்காக இல்லாததற்கு அவர்கள் பொறுப்பல்ல. ஆனால் அந்தக் குழப்பம் பேத்தியின் வேலை விண்ணப்பம் வரை வந்து நிற்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதையே திருத்த வேண்டியிருந்தால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் திருத்துங்கள், கடவுச்சீட்டுக்குக் கண்டியிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் உண்மையான பிழை இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். அதற்குக் காலம் எடுக்கும், ஆகவே முதலில் தொடங்க வேண்டிய வேலை அது. வெறும் எழுத்துக்கூட்டல் வேறுபாடு என்றால், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, ஆங்கிலத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பப் பெயர் என்று எதைப் போடுவது? நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை, அப்பா பெயரே முன்னால் நிற்கிறது. அங்கே ஒவ்வொரு படிவத்திலும் அந்தக் கட்டத்தை நிரப்பியாக வேண்டும். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள். ஆசைக்காக வங்கியில் மட்டும் கணவர் பெயரைச் சேர்ப்பது பின்னால் வீண் அலைச்சல்.

பழைய பிறப்புச் சான்றிதழ்களில் பெற்றோரின் இனம் 'இந்தியத் தமிழர்' என்று இருக்கும். நீங்கள் இந்தியக் குடியுரிமை உள்ளவரா என்று சிலர் கேட்பார்கள். அது இனப் பிரிவு, நான் இலங்கைப் பிரஜை என்று தயங்காமல் சொல்லிக் கடவுச்சீட்டைக் காட்டுங்கள்.

3. "நான் ஒரு வேலையும் பார்த்ததில்லை, அக்கா"

முன் அனுபவம் என்ன என்று கேட்டால் வருகிற பதில் இது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டால், தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இரண்டு வருடம் குழந்தைகளைப் பார்த்தது வெளியே வரும். தேயிலைத் தொழிற்சாலையில் தரம் பிரித்தது, பொதியிட்டது, எல்ல நகரில் ஒரு விடுதியில் அறை ஒழுங்கு செய்தது, நகைக்கடையில் கல்லாவில் இருந்தது, மாலையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்தது, நோயாளியான பாட்டியைப் படுக்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டது என்று ஒவ்வொன்றாக வரும். இவை எல்லாம் வேலைதான். அங்கே சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலைகள். நம்மை நாமே குறைத்துச் சொல்லும் பழக்கத்தைப் பெட்டியில் வைத்து வெளிநாட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

செய்த வேலைக்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். தோட்ட அலுவலகத்திலோ கடையிலோ பாடசாலையிலோ ஒரு சேவைக் கடிதம் கேளுங்கள். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, என்ன பதவி, என்னென்ன பொறுப்பு, கையெழுத்திட்டவரின் பதவி, இயங்கும் மின்னஞ்சல், தொலைபேசி ஆகியவை அதில் இருக்க வேண்டும். "இவர் நல்லொழுக்கம் உள்ளவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்" என்று மட்டும் எழுதித் தருவார்கள். வாழ்த்து நல்லதுதான், ஆனால் அது பொறுப்புகளின் இடத்தை நிரப்பாது. நீங்களே ஒரு வரைவை எழுதிக் கொண்டுபோனால் கையெழுத்து வாங்குவது சுலபம்.

கடிதம் தர மறுத்தாலோ முதலாளி காணாமல் போயிருந்தாலோ ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு கைகொடுக்கும். உங்கள் பெயரில் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் கட்டப்பட்டிருந்தால், எந்த நிறுவனம் எந்த மாதங்களில் கட்டியது என்ற கூற்று அந்தக் காலத்தில் நீங்கள் அங்கே வேலை செய்ததற்கு நல்ல சாட்சி. அதோடு இன்னொன்று: திருமணத்தை முன்னிட்டு வேலையை விடும் பெண்ணும், நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறுபவரும் 50 அல்லது 55 வயது வரை காத்திருக்காமல் அந்தப் பணத்தைக் கேட்கலாம். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். முதலாளி கட்டும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியையும் மறந்துவிடாதீர்கள். அங்கே போய் ஒரு பயிற்சிக்குக் கட்டணம் கட்ட வேண்டி வரும்போது, யாரிடமும் கை நீட்டாமல் எடுக்க உங்கள் உழைப்பின் காசு இருக்கும்.

அரசாங்க ஆசிரியைகளுக்கும் தாதியருக்கும் ஒரு எச்சரிக்கை. சம்பளமற்ற விடுமுறையையோ இராஜினாமாவையோ முறைப்படி முடித்துவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் பதவியை வெறிதாக்கியவராக அறிவிப்பார்கள். பிறகு வலயக் கல்வி அலுவலகத்திலிருந்தோ சுகாதாரத் திணைக்களத்திலிருந்தோ நல்ல சேவைக் கடிதம் எதிர்பார்க்க முடியாது.

4. பெட்டிக்குள் போக வேண்டிய கடதாசிகள்

சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளை ஆங்கிலத்தில் பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து எடுங்கள், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பட்டதாரி என்றால் பேராதனையோ திறந்த பல்கலைக்கழகமோ, பட்டச் சான்றிதழோடு பாடவாரியான புள்ளிப் பட்டியலையும் எடுத்துவைக்க வேண்டும். கனடாவில் பட்டத்தை மதிப்பிடும் நிறுவனங்கள் பல சமயம் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்பும் ஆவணத்தைக் கேட்கும். நீங்கள் ஊரில் இருக்கும்போது பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போய் வேலையை முடிப்பது, ஸ்காபரோவிலிருந்து தொலைபேசியில் கெஞ்சுவதைவிட எவ்வளவோ மேல். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலோ கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலோ படித்தவர்கள் பாடத்திட்டத்தின் பிரதியையும், பயிற்சிக் காலத்தில் கற்பித்த மணித்தியாலங்களைச் சொல்லும் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

பொலிஸ் நற்சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கனடா விசாவுக்கு அது எப்படியும் தேவைப்படும். பிரித்தானியாவில் பாடசாலை, முதியோர் பராமரிப்பு வேலைகளுக்கு அந்த நாட்டின் குற்றப்பதிவுச் சோதனையோடு, முன்பு வசித்த நாட்டின் சான்றிதழையும் பல நிறுவனங்கள் கேட்கின்றன. ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையும் சுகாதாரத் துறை வேலைக்கு உதவும். வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி தேவைப்படும் பத்திரங்களுக்கு முன்பு போல் கொழும்புக்கே ஓட வேண்டியதில்லை, கொன்சியூலர் பிரிவுக்குக் கண்டியிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

எல்லாவற்றையும் வருடி உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவையுங்கள். அந்த மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்க வேண்டும், கணவருடையதோ தம்பியுடையதோ அல்ல.

5. காத்திருக்கும் மாதங்களில் மூன்று வேலைகள்

முதலாவது மொழி. பிரித்தானியத் துணைவர் விசாவுக்கு ஆங்கிலத்தில் பேசுதலும் கேட்டலும் ஏ1 நிலையில் போதும். அது விசா வாங்கப் போதும், வேலை வாங்கப் போதாது. பரீட்சையில் தேறியதும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் படிப்பு தொடங்க வேண்டும். ஒரு கைத்தொலைபேசியில் உங்கள் குரலைப் பதிவு செய்து, இன்று செய்த வேலையை இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். மறுநாள் அதைக் கேட்டுவிட்டு மறுபடி சொல்லுங்கள். தொலைபேசியில் முகம் தெரியாத ஒருவரிடம் பேசுவதற்கான பயத்தை உடைப்பதே குறிக்கோள், இலக்கணம் மெல்ல வரும்.

இரண்டாவது ஒரு சான்றிதழ். அனுபவம் இருந்தும் பத்திரம் இல்லாதவர்கள், முன்னைய கற்றலை அங்கீகரிக்கும் முறையில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். சமையல், தையல், அழகுக்கலை, பராமரிப்பு, முன்பள்ளிக் கல்வி ஆகிய துறைகளில் அரச தொழிற்பயிற்சி நிறுவனங்கள் நடத்தும் வகுப்புகள் உண்டு. முதலுதவிப் பயிற்சி ஒன்றையும் முடித்துக்கொள்ளுங்கள். செலவு குறைவு, எந்த வேலைக்கான விண்ணப்பத்திலும் அது ஒரு நல்ல வரி.

மூன்றாவது சாரதி அனுமதிப்பத்திரம். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். வீடு வீடாகப் போய் முதியோரைப் பராமரிக்கும் வேலை, காலை நான்கு மணிக்குத் தொடங்கும் தொழிற்சாலை வேலை என்று முதலில் கிடைக்கும் பல வேலைகள் வாகனம் ஓட்டத் தெரிந்தவருக்கே சுலபம். இலங்கை அனுமதிப்பத்திரத்தை வைத்து பிரித்தானியாவில் குடியேறியதிலிருந்து 12 மாதம் ஓட்டலாம், அதற்குள் அந்த நாட்டுப் பரீட்சையில் தேற வேண்டும். ஒன்டாரியோவில் 60 நாட்கள்தான். எந்த ஆண்டிலிருந்து அனுமதிப்பத்திரம் இருக்கிறது என்று உறுதிப்படுத்தும் கடிதத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் வாங்கிப் போனால், அங்கே அந்த அனுபவம் கணக்கில் சேரும், காத்திருப்பும் குறையும். கினிகத்தேனை வளைவுகளில் ஓட்டிப் பழகியவருக்கு அங்கத்தைய வீதி பயமுறுத்தாது. பனியில் ஓட்ட மட்டும் தனியாகப் பழக வேண்டும்.

6. சுயவிவரம் எழுதும் முறை

இங்கே நாம் எழுதும் பயோடேட்டாவை அப்படியே அனுப்பக் கூடாது. பிரித்தானியாவுக்கும் கனடாவுக்கும் எழுதும்போது புகைப்படம், பிறந்த திகதி, மதம், இனம், திருமண நிலை, அப்பாவின் தொழில், அடையாள அட்டை இலக்கம் எதுவும் வேண்டாம். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல், அண்மையில் செய்த வேலையை முதலில் எழுதுங்கள்.

ஒரே வேலையை இரண்டு விதமாகச் சொல்லிக் காட்டுகிறேன். "தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தேன்" என்பது ஒன்று. "பெருந்தோட்டம் ஒன்றின் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில், கைக்குழந்தைகள் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளைப் பராமரித்தேன், உணவு தயாரித்தேன், நிறை, உயரப் பதிவேட்டைப் பேணினேன், நோய் அறிகுறி தெரிந்தால் தோட்ட வைத்திய உதவியாளருக்கு அறிவித்தேன்" என்பது மற்றது. இரண்டுமே உண்மை. நேர்முகத்துக்கு அழைக்கப்படுவது இரண்டாவது. தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தவர்கள் கைகழுவும் ஒழுங்கு, தலையுறை, இயந்திரப் பாதுகாப்பு, தொகுதி எண் பதிவு ஆகியவற்றை எழுதுங்கள். உணவுத் தொழிற்சாலைகள் தேடுவது அதைத்தான். செய்யாததை ஒருபோதும் சேர்க்காதீர்கள், நேர்முகத்தின் இரண்டாவது கேள்வியிலேயே அது உடைந்துவிடும்.

தெரிந்த மொழிகளை மேலேயே போடுங்கள். தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசத் தெரிந்தவர்கள் நம் பகுதியில் நிறைய. இங்கே அது சாதாரணம். அங்கே மருத்துவமனைகளுக்கும் குடிவரவு வழக்குகளுக்கும் இரண்டு மொழிக்கும் மொழிபெயர்த்துப் பேசுவோர் தேவைப்படுகிறார்கள். ஆங்கிலம் வலுவான பிறகு அதற்கான பயிற்சியைப் படித்தால் அது தனித் தொழிலாகவே ஆகும். என் துறை என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. குழந்தை பிறந்த பிறகு நேரத்தைத் தானே வகுத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலைகளில் இதுவும் ஒன்று.

7. போய் இறங்கிய முதல் வாரங்கள்

பிரித்தானியாவில் இப்போது விசா நிலை இணையத்தில் இருக்கிறது. உங்கள் குடிவரவுக் கணக்கின் கடவுச்சொல் உங்களிடமே இருக்கட்டும். வேலை தருபவருக்குக் காட்ட அந்தக் கணக்கிலிருந்து 'ஷெயார் கோட்' என்ற ஒன்பது எழுத்துக் குறியீட்டை எடுக்க வேண்டும், அது 90 நாட்கள் செல்லும். தேசிய காப்புறுதி எண்ணுக்கு அரச இணையதளத்தில் இலவசமாக விண்ணப்பியுங்கள். அந்த எண் வரும்வரை வேலையைத் தொடங்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வேலை உரிமையை நிரூபித்தால் தொடங்கலாம். கனடாவில் சமூகக் காப்புறுதி எண்ணை 'சேர்விஸ் கனடா' அலுவலகத்தில் கட்டணமின்றி எடுக்கலாம். நிரந்தர வதிவிடவாசிகளுக்கு மொழி வகுப்பும் குடியேற்ற ஆலோசனையும் இலவசம். அந்த வகுப்புக்குப் போவது மொழிக்காக மட்டுமல்ல, வீட்டுக்கு வெளியே உங்களைத் தெரிந்த ஆட்கள் உருவாவதற்காகவும்தான்.

உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம். கூட்டுக் கணக்கு தனியாக இருக்கட்டும். சம்பளம் உங்கள் கணக்குக்கு வர வேண்டும்.

8. முதல் வேலை

சொந்தக்காரரின் கடையிலோ தெரிந்தவரின் உணவகத்திலோ கல்லாவில் நிற்கச் சொல்வார்கள். போகலாம், தவறில்லை. ஆனால் சம்பளச் சீட்டு தருவார்களா என்று முதல் நாளே கேளுங்கள். கையில் காசாகத் தருவதை ஏற்றுக்கொண்டால் அந்த உழைப்புக்கு எந்த அடையாளமும் மிஞ்சாது, அடுத்த வேலைக்குக் காட்டவும் முடியாது. பிரித்தானியாவில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண் ஆனது. ஒன்டாரியோவில் 2025 ஒக்டோபரில் 17.60 டொலர் ஆனது. இந்தத் தொகை ஆண்டுதோறும் மாறும், அரச இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உறவு என்பதற்காக அதற்குக் குறைவாகக் கொடுப்பது சட்டவிரோதம். "சாப்பாடு போடுகிறோமே" என்பது அதற்குப் பதில் ஆகாது.

உறவுக்காரரின் கடை தவிர எங்கே தேடுவது? பாடசாலை மதிய உணவு மேற்பார்வை, வகுப்பு உதவியாளர், முதியோர் பராமரிப்பு, மருத்துவமனைத் துப்புரவு, சமையலறை, சில்லறைக் கடை, பொதியிடும் தொழிற்சாலை ஆகியவற்றில் புதிதாக வந்தவர்களை எடுப்பார்கள். பிரித்தானியாவில் உள்ளூராட்சி மன்றத்தின் தளத்தையும் தேசிய சுகாதார சேவையின் வேலைத் தளத்தையும், கனடாவில் மத்திய அரசின் 'ஜொப் பேங்க்' தளத்தையும் வாரத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள். ஒன்டாரியோவில் பாதுகாவலர் வேலைக்கு 40 மணிநேரப் பயிற்சியும் ஒரு பரீட்சையும் முடித்தால் உரிமம் கிடைக்கும். ஆண்களில் பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள், பெண்களும் போகலாம். "கனடா அனுபவம் உண்டா" என்று கேட்டே ஆட்களைக் கழித்துவிடுவது பழைய வழக்கம். 2026 ஜனவரி 1 முதல், ஒன்டாரியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் அதைத் தகுதியாகக் கேட்கக் கூடாது.

வேலை வாங்கித் தரக் கட்டணம் கேட்கும் முகவரிடம் போகாதீர்கள். பிரித்தானியாவில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொழுதுபோக்குத் துறை போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, வேலை தேடுபவரிடம் முகவர் கட்டணம் வாங்கக் கூடாது. ஒன்டாரியோவிலும் தற்காலிக வேலை முகவர்கள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கத் தடை உண்டு.

நேர்முகத்தில் நம் பெண்கள் தலைகுனிந்து, கேட்டதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல்கிறார்கள். இங்கே அது மரியாதை. அங்கே ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். "சிரமமான ஒரு சூழலை எப்படிச் சமாளித்தீர்கள்" என்று கட்டாயம் கேட்பார்கள். பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சல் வந்த நாள், வண்டி வராத நாள், விடுதியில் விருந்தினர் கோபப்பட்ட நாள் என்று உங்கள் வேலையிலிருந்தே மூன்று கதைகளை முன்கூட்டியே ஆங்கிலத்தில் தயாராக வைத்திருங்கள். மேலாளரைப் பெயர் சொல்லி அழைப்பது முதலில் வாய்க்கு வராது, சில வாரங்களில் பழகிவிடும்.

"எந்த ஊர்?" என்று அங்குள்ள தமிழர்களும் கேட்பார்கள். சிலரிடம் தோட்டப்புறம் என்றால் குரல் மாறும். ஹட்டன், லிந்துலை, ஹப்புத்தளை என்று எதுவோ அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இலங்கைத் தேயிலை உலகம் முழுதும் குடிக்கப்படுவதற்குக் காரணமானவர்களின் பிள்ளை நீங்கள். இதை யாரிடமும் மறைக்க வேண்டிய அவசியமில்லை.

9. பழைய தொழிலுக்குத் திரும்ப

தாதியர் பிரித்தானியாவில் பதிவு பெற, ஆங்கிலத் தகுதிக்குப் பிறகு கணினி வழிப் பரீட்சை, அதன் பின் அங்கேயே செய்முறைப் பரீட்சை என்று இரண்டு கட்டம் உண்டு. முதற்கட்டத்தைப் பிரித்தானியாவுக்கு வெளியேயும் எழுதலாம். பதிவு வரும்வரை சுகாதார உதவியாளராக வேலை செய்வது சரியான ஏணி, ஆனால் அதிலேயே நின்றுவிட வேண்டாம். ஆசிரியைகளுக்கு வழி நீளமானது. வகுப்பு உதவியாளராகத் தொடங்கி, அந்த நாட்டுப் பாடசாலை நடைமுறையைக் கற்றுக்கொண்டு தகுதிக்கு விண்ணப்பிப்பதே நடைமுறைக்கு ஏற்றது. ஒன்டாரியோவில் ஆசிரியர் கல்லூரி எனப்படும் பதிவு அமைப்புத்தான் உங்கள் பயிற்சியை மதிப்பிடும்.

முதல் வேலைக்குப் போன அன்றே நாட்குறிப்பில் ஒரு திகதியைக் குறித்து வையுங்கள். அந்தத் திகதிக்குள் பரீட்சைக்கோ பயிற்சிக்கோ பதிவு செய்திருக்க வேண்டும். கிடைத்த வேலை ஓரளவு பழகிவிட்டால் வருடங்கள் ஓடுவது தெரியாது.

10. வீட்டுக்குள் பேச வேண்டியவை

புறப்படுவதற்கு முன்பே கணவரிடம் நேராகக் கேளுங்கள்: நான் வேலைக்குப் போவதில் உங்களுக்குச் சம்மதமா, பிள்ளை பிறந்தால் யார் பார்ப்பது, அம்மா வீட்டுக்கு மாதம் எவ்வளவு அனுப்பலாம், உங்களுக்கு எவ்வளவு கடன் இருக்கிறது. கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். அங்கே நான்கு சுவருக்குள் கேட்பதைவிட இங்கே கேட்பது நல்லது.

கடவுச்சீட்டைப் பறித்து வைப்பது, சம்பளத்தை முழுதாக எடுத்துக்கொள்வது, "திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டுவது ஆகியவை வன்முறைதான். பிரித்தானியாவில் துணைவர் விசாவில் இருப்பவர் குடும்ப வன்முறையால் பிரிய நேர்ந்தால், மூன்று மாதத் தனி அனுமதியும் அந்தக் காலத்தில் அரச உதவியும் பெற விண்ணப்பிக்கலாம். தகுதி இருந்தால் அங்கிருந்து நிரந்தர வதிவுரிமையும் கேட்கலாம். கனடாவில் கணவரோடு இரண்டு வருடம் கட்டாயம் வாழ்ந்தால்தான் வதிவுரிமை நிலைக்கும் என்ற நிபந்தனை 2017 ஏப்ரலிலேயே நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் அதைச் சொல்லி மிரட்டுகிறார்கள். இதைத் தெரிந்துவைத்திருங்கள், தோழிகளுக்கும் சொல்லுங்கள்.

11. விசாவை நீடிக்கும் நேரத்தில் உங்கள் சம்பளம்

பிரித்தானியாவுக்குப் போகிறவர்கள் 33 மாதம் முடிவதற்குள் நீடிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக இந்த வழியில் வந்தவர்களுக்கு ஆண்டுக்கு 29,000 பவுண் வருமானம் காட்ட வேண்டும். முதல் விண்ணப்பத்தில் நீங்கள் இலங்கையில் இருந்ததால் கணவரின் சம்பளம் மட்டுமே அதற்குக் கணக்கில் வந்திருக்கும். நீடிப்பின்போது அங்கே முறைப்படி உழைத்த உங்கள் சம்பளத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கணவரின் வேலை ஆட்டம் கண்ட குடும்பங்களில், மனைவியின் பகுதிநேரச் சம்பளச் சீட்டே விசாவைக் காப்பாற்றியிருக்கிறது.

பொதுவாகக் கேட்பது ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளும், அந்தச் சம்பளம் வங்கியில் விழுந்ததைக் காட்டும் கூற்றுகளும். தொகையும் திகதியும் இரண்டிலும் பொருந்த வேண்டும். ஆங்கிலமும் இந்த முறை ஏ1க்கு அடுத்த ஏ2 நிலையில் வேண்டும், பரீட்சைக்குக் கடைசி மாதத்தில் ஓடாதீர்கள். நிறுவனங்கள் சம்பளச் சீட்டை இணையத்தில்தான் போடுகின்றன. வேலையை விட்ட பிறகு அந்தக் கணக்குக்குள் நுழைய முடியாமல் போகலாம் என்பதால், ஒவ்வொரு மாதமும் சீட்டு வந்த அன்றே தரவிறக்கி உங்கள் மின்னஞ்சலில் போட்டுவையுங்கள்.